பன்னிரண்டு வோல்ட் பஸ்ஸரும் ஆறாயிரம் குஞ்சுகளும்

மார்ச் 11. குஞ்சு வந்த நாள்

காலை ஆறரைக்கு வண்டி வந்தது. அறுபது பெட்டி, ஆறாயிரம் குஞ்சு. இறக்கி முடித்துத் தண்ணீர் காட்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. குஞ்சுகளுக்கு அந்த அக்கறை கிடையாது. வந்த உடனே தின்ன ஆரம்பித்துவிட்டன.

கம்பெனி அட்டையில் தீவனம், இறப்பு, வெப்பநிலை மூன்றுக்குத்தான் கட்டம் இருக்கிறது. மற்றதை எழுத இந்த டைரி. பண்ணை ஓனர் முத்துரத்தினம் புத்தாண்டுக்குக் கொடுத்தது சும்மா கிடக்கிறது. கோழி பிடித்துப் போக நாற்பது நாள் ஆகும், அதுவரை எழுதுவதாக முடிவு. "நாலு நாள் எழுதுவீங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி துளசிமணி. இருபத்திரண்டு வருஷம் தறிக்குடோனில் ஷிப்டு நோட்டு எழுதியவன் நான். பார்ப்போம்.

பல்லடம் பக்கத்தில் இந்தப் பண்ணைக்கு வந்து இது மூன்றாவது பேட்ச். முதல் இரண்டும் குளிர்காலத்தில் சுலபமாகப் போயின. இது வெயில் பேட்ச். நான்கு பக்கமும் அடைத்த ஷெட், ஒரு கோடியில் ஆறு பெரிய ஃபேன். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். ஜெனரேட்டரை நாம் ஓடிப்போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கோழி பெரிதான பிறகு சித்திரை வெயிலில் கால் மணி நேரம் தாமதித்தால் அத்தனையும் ஷெட்டோடு செத்துவிடும். போன வருஷம் இங்கே இருந்த புருஷன் பெண்டாட்டி மத்தியானம் கண் அசந்த நேரத்தில் அப்படித்தான் ஆனது. அந்த வாரமே ரூமைக் காலி செய்து போனார்களாம்.

அதனால் ஓனர் புதிதாக ஒரு அலாரம் பெட்டி கொண்டுவந்து ஆள் வைத்து எங்கள் ரூம் சுவரில் மாட்டியிருக்கிறார். கரண்ட் போனால் பேட்டரியில் ஒரு சிவப்பு லைட் எரியும், ஒரு கறுப்பு பஸ்ஸர் கத்தும். பஸ்ஸர் மோர் பாட்டில் மூடி அளவுதான் இருக்கும். மெயினை அணைத்துக் காட்டினார். துளசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எப்படிங்க நாச்சிமுத்து, போதுமுங்களா?" என்றார். அருமையாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 13

இறப்பு 9. வழக்கமானதுதான். மூன்று முறை கரண்ட் போனது. மூன்று முறையும் துளசிதான் முதலில் ஓடினாள். ஐம்பது வயதில் அவளுக்குக் கால் நன்றாக இருக்கிறது.

மார்ச் 16

குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துளசி ஷெட்டுக்குப் போனாள். மூன்று விசில் வந்ததும் அணைக்க வேண்டும். நான் எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஷெட்டிலிருந்து ஓடிவந்து அணைத்தாள். பருப்பு களியாகிவிட்டது. "எத்தனை விசிலுங்க?" என்றாள். இரண்டு என்றேன். அந்தக் குக்கர் வாங்கிப் பல வருஷம் ஆகிறது, விசில் தேய்ந்திருக்கும்.

மார்ச் 19

துளசிக்கு ஒரு புதுப் பழக்கம். மத்தியானம் படுப்பதில்லை. அலாரம் பெட்டிக்குக் கீழே முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறாள். இரண்டு பேருக்கு எவ்வளவு வெங்காயம்தான் தின்ன முடியும்? நேற்று வெங்காயக் குழம்பு, இன்று வெங்காயத் துவையல்.

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். பதினொரு மணிக்கு நான் ஷெட்டுக்குள் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். குஞ்சு சின்னது என்பதால் ஃபேன் ஓடவில்லை, ரூம் ஜன்னல் திறந்திருந்தது. திடீரென்று அத்தனை குஞ்சும் அப்படியே நின்று கழுத்தைத் தூக்கின. ஆறாயிரம் கழுத்து. ரூமில் பஸ்ஸர் அடித்திருக்கிறது என்று புரிந்துகொண்டு நேராக ஜெனரேட்டருக்குப் போனேன். துளசி வந்தபோது நான் ஸ்டார்ட் செய்து முடித்திருந்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கேட்டுச்சுங்களா?" என்றாள். "பின்னே?" என்றேன்.

மார்ச் 22

மகள் மேகலா ஈரோட்டிலிருந்து பேசினாள். டாக்டர் ஏப்ரல் பத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்கிறாராம். தலைப்பிரசவம் நம் வீட்டில் பார்க்க வேண்டியது. கோழி வாசத்தோடு ஒற்றை ரூமில் எப்படி அழைத்து வைப்பது? மாப்பிள்ளைக்குத் தாயும் இல்லை. அதனால் துளசி ஈரோடு போய் இருப்பதாகப் பேச்சு. ஏப்ரல் இரண்டாம் தேதி கிளம்ப வேண்டும்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். "ஆள் வெக்கச் சொல்லி ஓனருகிட்டக் கேக்கட்டுங்களா?"

"எதுக்கு? பன்னெண்டு தறிய ஒத்தை ஆளாப் பார்த்தவன் நானு. கோழி என்ன, தறிய விடப் பெருசா?"

"அதுக்கில்லீங்க. பஸ்ஸர் அடிச்சாக் கேக்குமுங்களா?"

"கேக்காம என்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மோர் ஊற்றினாள். கேட்காது என்று நான் சொல்லியிருந்தால் அவள் போகமாட்டாள். மேகலா ஒற்றையாகக் கிடப்பாள். அதனால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மார்ச் 24

துளசி சந்தைக்குப் போன நேரத்தில் ஒரு சோதனை செய்தேன். மெயினை அணைத்துவிட்டு ரூமில் வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். சிவப்பு லைட் எரிகிறது. சத்தம் இல்லை. பெட்டிக்கு அருகில் போய்க் காதை வைத்தேன். ஏதோ கொசு மாதிரி இருந்தது. பஸ்ஸர் கோளாறு என்று தெரிந்துவிட்டது.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், பஸ்ஸரின் வாய்மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது! அதில் பொடி எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். வாயை அடைத்து வைத்தால் சத்தம் எப்படி வரும்? மாட்டிவிட்டுப் போனவன் கண்ணை எங்கே வைத்திருந்தான்? நகத்தால் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடியும் மெயினை அணைத்தேன். அந்த நேரம் துளசி கேட்டுக்குள் நுழைந்தாள். பையைக் கீழே போட்டுக் காதைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, ஊரையே எழுப்பறீங்க" என்று கத்தினாள்.

ஆக, கோளாறு தீர்ந்தது. மனசு நிம்மதியாக இருக்கிறது. கட்டிலை மட்டும் பெட்டியைப் பார்த்தமாதிரி திருப்பிப் போட்டிருக்கிறேன். லைட் தெரியட்டும் என்று.

மார்ச் 25

புது பேட்டரி மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 28

ஓனர் வந்தார். பஸ்ஸர் பத்தாது, மாற்ற வேண்டும் என்றேன். அவர் தீவன ரூம் வரை நடந்துபோய் நின்றுகொண்டு என்னை மெயினை அணைக்கச் சொன்னார். அங்கிருந்தே கையை ஆட்டினார், போதும் போதும் என்று.

"நூறடி தள்ளி நிக்கறனுங்க, காதுல ஊசி குத்துன மாதிரி இருக்குது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்குதுங்க. ஆனாப் பத்தாதுங்க."

"நல்லாப் பத்துங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கோழிக்குப் பதினெட்டு நாள் ஆகிறது. ஒவ்வொன்றும் முக்கால் கிலோ தாண்டிவிட்டது. பார்க்க அழகாக இருக்கின்றன. பார்த்த கையோடு ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

மார்ச் 30

பல்லடம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை ஒன்று இருக்கிறது. ஒரு முஸ்லிம் அம்மிணி, மெஹருன்னிசா என்று பேர், முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லாவிலும் அவளே, சால்டரிங் மேஜையிலும் அவளே. பழைய பஸ்ஸரைக் கழற்றிக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்து, "இது செத்துப் போச்சு, நல்லதாக் கொடுங்க அம்மிணி" என்றேன்.

அவள் அதன் இரண்டு ஒயரையும் ஒரு பேட்டரியில் தொட்டாள். பக்கத்தில் டிவி ரிமோட் வாங்க நின்ற ஆள் ஒரு அடி பின்னால் போய்விட்டார். நான் அப்படியே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இது நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. சரி, வேற பார்ப்பம். எங்க மாட்டறீங்க?"

"பண்ணையில. நாங்க தங்கற ரூமுல."

"சுத்தி என்ன சத்தமுங்க?"

"ஃபேன் சத்தம். ஆனாக் கரண்ட் போனா ஃபேனே நின்னு போயிருமே."

"அது நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். "எவ்ளோ தூரத்துல இருந்து கேக்கோணும்?"

"ரூமுக்குள்ள போதும். முத்தத்துல நின்னாலும் கேட்டா நல்லது."

"ஆரு கேக்கோணும்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எங்க வீட்டுல" என்றேன்.

"அவங்களுக்கு என்ன வயசுங்க? முன்னாடி என்ன வேலை?"

"அம்பத்தஞ்சு. தறிக்குடோனுல இருபத்திரண்டு வருசம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, துளசி ஒரு நாள்கூடத் தறி ஓட்டியதில்லை. ரிமோட் ஆள் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தேன்.

"நான்தான் அம்மிணி" என்றேன்.

அவள் பரிதாபப்பட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எங்கப்பாவும் தறிதானுங்கண்ணா" என்றாள். தறிச் சத்தம் காதில் முதலில் தின்பது கீச்சுச் சத்தத்தைத்தானாம். பேச்சு கேட்கும், லாரி கேட்கும், மாடு கேட்கும். விநாடிக்கு மூவாயிரம் நாலாயிரம் தடவை அதிர்கிற சத்தம் மட்டும் காணாமல் போகும். இந்தச் சின்ன பஸ்ஸர் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி அந்த இடத்தில்தான் கத்துமாம்.

ஒரு உடைந்த பஸ்ஸரைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. சிகரெட் தாள் கனத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதன்மேல் வெள்ளையாகப் பீங்கான் பூச்சு. கரண்ட் கொடுத்தால் பீங்கான் சுருங்கி விரிந்து தகட்டை வளைக்கிறது. அந்தத் துடிப்புதான் சத்தம். தகடு சின்னதாக இருந்தால் வேகமாகத் துடிக்கும், கீச்சென்று வரும். தடித்த சத்தம் வேண்டுமென்றால் உடம்பும் பெரிதாக வேண்டும். சில பஸ்ஸரில் துடிக்க வைக்கிற சர்க்யூட் உள்ளேயே இருக்கும், பேட்டரியில் கொடுத்தால் போதும். சிலதுக்கு அது வெளியிலிருந்து வர வேண்டும், தெரியாமல் வாங்கினால் டிக்கென்று ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். ஃபேக்டரியில் போர்டைக் கழுவும்போது உள்ளே தண்ணீர் போகாமல் இருக்க ஒட்டுவதாம், மாட்டியதும் பிய்க்க வேண்டுமாம். "பாதிப் பேரு பிய்க்கறதே இல்லீங்கண்ணா. நீங்க பிய்ச்சிட்டீங்க" என்றாள். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒரு பெட்டியை எடுத்தாள். குமிழைத் திருகினால் சத்தம் தடிப்பிலிருந்து கீச்சுக்கு ஏறும். கேட்கும்வரை கையைத் தூக்கி வைத்திருங்கள் என்றாள். எருமை மாதிரி ஆரம்பித்தது, பசு ஆனது, புல்லாங்குழல் ஆனது. அப்புறம் கடையே அமைதியாகிவிட்டது. கையை இறக்கினேன். அவள் குமிழை இன்னும் திருகிக்கொண்டே இருந்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, விடிந்த மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் குக்கரையும் பேட்டரியையும் ஓனரையும் திட்டியிருக்கிறேன்.

கடைசியில் டம்ளர் அகலத்தில் ஒரு ஹார்ன் எடுத்துக் கொடுத்தாள். விநாடிக்கு ஐந்நூறு சொச்சம் அதிர்கிறது. விட்டு விட்டு அடிக்கிறது. ஒரே சத்தமாக இழுத்தால் தூங்குகிற மூளை பழகிவிடும், விட்டு விட்டு அடித்தால் பழகாது என்றாள். பழையதைவிட இது கரண்ட் அதிகம் இழுக்கும் என்று என் பேட்டரி எத்தனை ஆம்பியர் என விசாரித்து, தாங்கும் என்று சொன்ன பிறகுதான் பில் போட்டாள். சோதிப்பதற்காகப் பெட்டியில் மாட்ட ஒரு பட்டனும் சேர்த்துக் கொடுத்தாள். ஒயரைத் தொட்டதும் அது கத்தியது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன்.

மார்ச் 31

மாட்டியாகிவிட்டது. "இதென்னுங்க, எருமை வயித்துவலி வந்து கத்தற மாதிரி இருக்குது" என்றாள் துளசி. "அந்த பஸ்ஸர் பழுதுங்கறதால மாத்தினேன்" என்றேன். சரிங்க என்றாள்.

சாயங்காலம் முற்றத்துக் குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவினேன். கரண்ட் இருக்கும்போதே ஹார்ன் அடித்தது. திரும்பி, "ஆரு பட்டனை அமுக்குனது?" என்றேன். துளசி வாசலில் நின்றாள். "கை பட்டிருச்சுங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் உரித்தாளாம். இன்று சமையல் கத்தரிக்காய்.

ஏப்ரல் 2

காலை பஸ்ஸில் துளசி ஈரோடு கிளம்பினாள். முறத்தைச் சமையல்கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 4

பன்னிரண்டு மணிக்கு ஒரு போன், இரண்டுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று. "கரண்ட் இருக்குதுங்களா?" இதுதான் பேச்சு. அதுவும் சட்டைப் பையில் வைப்ரேஷனில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் கண்ணை மூடினால் மார்பில் வண்டு துடிக்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியைக் கவனி என்றேன். இரண்டு பேரையும் கவனிக்கிறேன் என்கிறாள்.

ஏப்ரல் 7

இறப்பு 3. சமையல்: ரசம். பருப்பைக் கடிகாரம் பார்த்து வேக வைத்தேன். குழையவில்லை.

ஏப்ரல் 9. முப்பதாம் நாள்

வெளியே முப்பத்தொன்பது டிகிரி. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு, அசந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தேன்.

எருமை கத்தியது. விட்டு விட்டுக் கத்தியது. கனவு என்று நினைக்கும்போதே கால் தரையில் இருந்தது. சிவப்பு லைட்டைப் பார்க்கவே இல்லை. நேராக ஓடினேன். வேட்டி கதவில் மாட்டிக் கிழிந்தது. ஷெட் சத்தமில்லாமல் இருந்தது, அதுதான் பயம். ஜெனரேட்டர் முதல் முறை இருமிவிட்டு நின்றது, இரண்டாவது முறை எடுத்துக்கொண்டது. ஆறு ஃபேனும் வரிசையாகச் சுற்ற ஆரம்பித்தன. உள்ளே போனேன். அத்தனை கோழியும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வாயை மூடின. ஒன்று என் காலைக் கொத்தியது. இறப்பு 2. கரண்ட் போனது 1.40, ஃபேன் சுற்றியது 1.45.

தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். கிழிந்த வேட்டியை அப்போதுதான் பார்த்தேன். வேட்டி கிழிந்ததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டு மணிக்குப் பையில் வண்டு துடித்தது. "கரண்ட் இருக்குதுங்களா?"

"போயிருந்துச்சு. ஜெனரேட்டர் ஓடுது."

"முழிச்சுட்டுதானுங்க இருந்தீங்க?"

"தூங்கிட்டிருந்தேன் துளசி. நல்லாத் தூங்கிட்டிருந்தேன். அது கத்துச்சு, எந்திரிச்சுப் போனேன்."

"சரிங்க. இனிமே மத்தியானம் கூப்பிடலீங்க. நல்லாத் தூங்குங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. புழுக்கமாக இருக்கும், ஈரோட்டிலும் வெயில்தான்.

ஏப்ரல் 11

பேத்தி பிறந்திருக்கிறாள்! காலை 8.20. மூன்று கிலோ நூறு. நம் கோழியைவிட ஒன்றரைக் கிலோ கூட. தாயும் பிள்ளையும் நலம். போனைக் குழந்தை வாயருகே பிடித்து, "அழுவறது கேக்குதுங்களா?" என்றாள் துளசி. நன்றாகக் கேட்கிறது, கணீரென்று இருக்கிறது என்றேன்.

கரகரப்பு மட்டும்தான் வந்தது. அந்தக் கரகரப்பில் எது என் பேத்தி என்று தெரியவில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன், அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

ஏப்ரல் 15

இறப்பு 4. நேற்று இரண்டு முறை, இன்று ஒரு முறை கரண்ட் போனது. மூன்றுக்கும் எழுந்தேன்.

ஏப்ரல் 19. நாற்பதாம் நாள்

காலையிலேயே கோழி பிடிக்கிற ஆட்கள் வந்து மத்தியானத்துக்குள் ஏற்றி முடித்தார்கள். மொத்த இறப்பு மூன்று சதவீதத்துக்கும் கீழே. வெயில் பேட்ச்சில் இது இந்தப் பக்கத்தில் பெரிய விஷயம். ஓனர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தப் பழைய பஸ்ஸரே போதும்னு சொன்னனுங்க" என்றார். அவரிடம் சொன்னேன், தறியில் என் காது கீச்சுச் சத்தத்தை இழந்துவிட்டது, அதனால்தான் மாற்றினேன் என்று. அவருடைய இன்னொரு பண்ணையில் இருக்கிறவரும் பழைய தறிக்காரர்தானாம். அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 21. ஈரோடு

ஷெட்டைக் கழுவ ஆள் விட்டுவிட்டு இரண்டு நாள் லீவில் வந்தேன். பத்து நாள் பிள்ளை. சிவப்பாக, கோபமாக இருக்கிறாள். தூங்கிக்கொண்டேதான் இருந்தாள், அழவில்லை. துளசி இளைத்துவிட்டாள். இத்தனை நாளும் சரியான தூக்கம் இல்லை என்று முகத்தில் தெரிகிறது.

மத்தியானம் சாப்பிட்டதும் மேகலா அறைக்குள் படுத்தாள். கூடத்தில் தொட்டிலுக்கு ஒரு பக்கம் துளசி, மறுபக்கம் நான். இரண்டு பேரும் அசந்துவிட்டோம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

விட்டு விட்டு ஒரு சத்தம். தடித்த சத்தம். ஜெனரேட்டர் என்று எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே அவள் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கணீரென்றுதான் இருந்தது. முழுசாகக் கேட்டது. அன்று வந்த கரகரப்பு போனுடையதுதான்.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் துளசி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்போதும் துள்ளி எழுகிறவள், எழவில்லை. "நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள். அதுவும் எனக்கு நன்றாகக் கேட்டது.